மஞ்சள் கேப்சூல்: அம்மா நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார், நிறுத்தச் சொல்லலாமா?

தறிச்சத்தம் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் அவசரமாக யோசனை வேண்டும்.

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். ஐந்து வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் தினமும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நான்கு மாதத்துக்கு முன் உறவுக்கார அக்கா ஒருவர் மஞ்சள் கேப்சூல் டப்பா கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை விற்கவும் செய்கிறார். "இது மருந்தே இல்லை சித்தி, குழம்புல போடுற மஞ்சள்தான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

டப்பாவின் பின்பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: மஞ்சள் கிழங்குச் சாறு 500 மி.கி, அதில் குர்குமினாய்டு 95%. மிளகுச் சாறு 5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று.

உண்மையைச் சொல்ல வேண்டும், வலி குறைந்திருக்கிறது. மூன்று வருடமாகக் கீழேயே படுத்தவர் இப்போது மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறார். ஆனால் மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிடுகிறார். உடம்பு அசதி, மதியமே படுத்துக்கொள்கிறார். வெயிலுக்கு என்றுதான் நினைத்தோம். நேற்று தற்செயலாகத்தான் கேப்சூல் ஞாபகம் வந்தது. மஞ்சளால் ஒரு கெடுதல் வருமா? கேட்பதற்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடிப்பெருக்கு | ஞாயிறு, இரவு 10:15

தம்பி, பயப்படாதே. மஞ்சள் நம் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் ஆகும், படுத்த கிழவிக்கும் ஆகும். என் ஆச்சி 92 வயது வரை இருந்தார், மஞ்சள் இல்லாமல் ஒரு நாள் அடுப்பு எரிந்ததில்லை. அசதிக்கும் பசியின்மைக்கும் ஆயிரம் காரணம் இருக்கும், சர்க்கரையைப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். புண்ணை ஆற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் அதை எதிர்த்து, பழைய நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டியது. 1997இல் ரத்தானது. இவ்வளவு போராடி மீட்ட பொருள் இது. இப்போது நாமே அதைச் சந்தேகப்பட்டால் எப்படி?

நுண்ணாடி | ஞாயிறு, இரவு 11:02

தறிச்சத்தம், முதலில் ஒன்று. நாளைக் காலையிலிருந்து அம்மா அந்தக் கேப்சூலைப் போட வேண்டாம். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும். காரணம் கீழே.

நான் உணவு வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மஞ்சள் தூளில், அதற்கு நிறம் தரும் குர்குமின் (டப்பாவில் குர்குமினாய்டு என்று இருப்பது இதன் குடும்பம்) சராசரியாக 3% அளவுக்கு இருக்கும். ஒரு டீஸ்பூன் தூள் ஏறக்குறைய 3 கிராம். அப்படியென்றால் ஒரு டீஸ்பூனில் 90 மி.கி. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாள் சமையலுக்கு மொத்தமாக ஒரு டீஸ்பூன் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 22 மி.கி வரும். இதிலும் அடுப்பில் ஒரு பங்கு போய்விடும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் அளந்து பார்த்தது. வேகவைக்கும்போது குர்குமினில் 27 முதல் 53% வரை குறைந்தது, பிரஷர் குக்கரில் 10 நிமிடம் வைத்தபோதுதான் இழப்பு அதிகம். புளி சேர்த்தால் இழப்பு 12 முதல் 30% வரைதான். குர்குமினுக்குப் புளிப்பு ஒத்துப்போகும், சுண்ணாம்பு, சோப்பு போன்றவற்றின் காரத்தன்மை ஆகாது. சாம்பாரில் புளியும் மஞ்சளும் சேர்ந்து கொதிப்பதில் இப்படி ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது.

இப்போது கேப்சூல். 500 மி.கியில் 95% என்றால் 475. இரண்டு வேளைக்கு 950 மி.கி. அம்மா சாப்பாட்டில் சாப்பிடுவதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். இதைத் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் தினமும் 30 கிராமுக்கு மேல், பத்து டீஸ்பூன். எந்த ஆச்சியும் யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை.

உணவில் நிறத்துக்காகச் சேர்க்கும் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 3 மி.கி வரை. 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி. இது வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் கவலை வேண்டாம் என்ற வரம்பு, இதைத் தாண்டியவுடன் விஷம் என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் 180 எங்கே, 950 எங்கே?

ஆடிப்பெருக்கு ஐயா, உங்கள் ஆச்சியின் மஞ்சளை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. இந்த டப்பாவுக்குள் இருப்பது ஆச்சி பார்த்தே இராத ஒரு பொருள்.

இரண்டாம்_வேளை | திங்கள், காலை 7:20

மருந்துக்கடையில் நிற்கிறேன், 19 வருட அனுபவம். நுண்ணாடி சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த "மிளகுச் சாறு 5 மி.கி" என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதில் இருப்பது பைப்பரின். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு ஆய்வு செய்தார்கள். 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அல்லது மிகமிகக் குறைவு. அதோடு 20 மி.கி பைப்பரின் சேர்த்ததும் உடம்பு உறிஞ்சும் அளவு 2000% கூடியது. இந்த 2000% தான் இன்றைக்கு எல்லா டப்பாவிலும் விளம்பரம்.

பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது என்று எந்த டப்பாவும் எழுதுவதில்லை. வெளியிலிருந்து வரும் பொருள்களைக் குடல் சுவரும் கல்லீரலும் ஒரு ஒட்டு ஒட்டி வெளியே அனுப்பும். பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. வாசலில் இருக்கும் காவலாளியைக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது போல. காவலாளி உட்கார்ந்தால் குர்குமின் மட்டுமா உள்ளே போகும்? அம்மா போடும் மற்ற மாத்திரைகளும்தான்.

இது வெறும் ஊகம் இல்லை. ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகம் இதையே நல்ல வழியில் பயன்படுத்தியது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினை 450 மி.கியிலிருந்து 200 மி.கியாகக் குறைத்து, கூட 10 மி.கி பைப்பரின் சேர்த்து ஒரு மாத்திரை நம் நாட்டில் வந்தது. பாதி மருந்திலேயே அதே வேலை நடக்கிறது என்றால், முழு அளவு மருந்து போடுகிற ஆளிடம் தெரியாமல் பைப்பரினைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபெனிடாயின், தியோஃபிலின், புரோப்ரனலால், கார்பமசெபின் எல்லாவற்றோடும் இந்தத் தொந்தரவு பதிவாகியிருக்கிறது.

அம்மா விஷயத்தில் இன்னொரு பயம், குளோபிடோக்ரெல். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மஞ்சள் சாற்றை எடுக்க வேண்டாம் என்பது பொதுவான எச்சரிக்கை. நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. வார்ஃபரினில் சீராக இருந்த ஒருவர் மஞ்சள் கேப்சூல் ஆரம்பித்த சில வாரத்தில், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 10ஐத் தாண்டிவிட்டது. 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டியது. அந்த நிலையில் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம்.

கடையில் தினமும் பார்க்கிறேன். "வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்டால் இங்கிலீஷ் மருந்தை மட்டும் சொல்வார்கள். கேப்சூலை யாரும் சொல்ல மாட்டார்கள், அது மருந்தில்லையே. தோண்டிக் கேட்டால்தான் பையிலிருந்து டப்பா வரும்.

இன்றே எல்எஃப்டி எடுத்துவிடுங்கள், கல்லீரல் பரிசோதனை. வெறும் வயிற்றில் போனால் சர்க்கரையும் சேர்த்தே பார்த்துவிடலாம். அம்மாவின் கண்ணில் வெள்ளைப் பகுதியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சிறுநீர் நிறத்தையும் கேளுங்கள். குளோபிடோக்ரெலை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் இருக்கிறது.

தறிச்சத்தம் | திங்கள், காலை 8:05

கண் லேசாக மஞ்சள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கே தோன்றுகிறதா, உண்மையா தெரியவில்லை. சிறுநீர் ஒரு வாரமாக டீ டிகாக்‌ஷன் மாதிரி போகிறது என்று இப்போதுதான் சொல்கிறார். "மஞ்சள் சாப்பிடுறேன்ல, அதான் மஞ்சளா போகுதுன்னு நெனச்சேன்" என்கிறார். கிளம்புகிறோம்.

வைகைக்கரை | திங்கள், காலை 9:30

தறிச்சத்தம் போய்விட்டு வரட்டும். படிக்கிற மற்றவர்களுக்காக என் அண்ணன் கதையை எழுதுகிறேன். இதைப் பற்றி இதுவரை எங்கும் பேசியதில்லை.

அண்ணனுக்கு 48 வயது, வெளிநாட்டில் வேலை. குடிப்பதில்லை. உடற்பயிற்சிக்கூடத்தில் யாரோ சொல்லி மஞ்சள் கேப்சூல் ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து தூக்கம் போனது. பிறகு காமாலை. மருத்துவமனையில் ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ என்று எல்லாம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. குடிப்பீர்களா என்று நான்கு டாக்டர்கள் கேட்டார்கள். அவர் இல்லை என்று சொல்ல, யாரும் நம்பவில்லை. அண்ணி அழுதது அதற்குத்தான். கடைசியில் ஒரு பயிற்சி மருத்துவப் பெண் உட்கார்ந்து, "மாத்திரை இல்லாமல், சத்துக்காக ஏதாவது?" என்று கேட்டபோதுதான் கேப்சூல் வெளியே வந்தது. நிறுத்தினார்கள். காமாலை இறங்கவே ஏழு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். இத்தாலியில் 2019இல் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வரிசையாக வந்து அரசே எச்சரிக்கை விட்டது. பிரான்ஸ் 2022, ஆஸ்திரேலியா 2023. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு 2022இல் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதனால்தான் ஆயிரம் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதபோது ஒருவருக்கு மட்டும் இப்படி ஆகிறது. எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒரு வரிதான். அண்ணன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஆடிப்பெருக்கு | திங்கள், மதியம் 1:10

வைகைக்கரை, படித்தேன். மனசு கனத்துவிட்டது. நேற்று "பயப்படாதே" என்று சட்டென்று சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன். தம்பி, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

நுண்ணாடி, உங்களிடம் ஒரு கேள்வி, சண்டைக்காக இல்லை. எங்கள் வீட்டில் சளிக்கு மஞ்சள் மிளகுப் பால். வாரம் மூன்று நாள் மிளகு ரசம். அதிலும் அதே குர்குமின், அதே பைப்பரின்தானே? அப்படியென்றால் அதையும் விட வேண்டுமா? இன்னொன்று. மஞ்சளில் ஒன்றுமே இல்லை என்றால் இத்தனை நாட்டில் இத்தனை ஆராய்ச்சி ஏன்?

நுண்ணாடி | திங்கள், இரவு 8:45

நல்ல கேள்வி ஐயா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ரசத்தை விட வேண்டாம். மிளகில் பைப்பரின் ஏறக்குறைய 5% அளவுக்கு இருக்கும், அதனால் ரசத்தில் வரும் பைப்பரின் கேப்சூலில் இருப்பதை விடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது, கூடவே இருக்கலாம். ஆனால் அதோடு சேர்ந்து வரும் குர்குமின் சில மில்லிகிராம்தான். ரசத்தில் சோறும் இருக்கிறது, வேறு நூறு பொருளும் இருக்கிறது. வலிப்பு மாத்திரை மாதிரி, அளவு கொஞ்சம் மாறினாலும் சிக்கலாகும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று மிளகைக் கூட்டாமல் வழக்கம்போலச் சாப்பிட்டால் சரி.

இரண்டாவது கேள்விதான் என் வயிற்றெரிச்சல். குர்குமின் ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றும் ஒரு மூலக்கூறு. வீட்டிலேயே பார்க்கலாம். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் இருந்தால், சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கரைத்து இருட்டில் அடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஆய்வகத்தில் பல சோதனைகள் ஒளிர்வை அளந்துதான் "இந்தப் பொருள் வேலை செய்கிறது" என்று சொல்கின்றன. தானே ஒளிரும் பொருளைப் போட்டால் சோதனை குழம்பும்.

ஆரத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பு. வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டு சோப்புப் போட்டாலும் அதே சிவப்பு வரும், பிறகு வெயிலில் காயப்போட்டால் கறையே காணாமல் போகும். இந்த இரண்டுமே குர்குமின் எவ்வளவு நிலையற்றது என்பதைக் காட்டுகின்றன. காரத்தில் மாறும், ஒளியில் சிதையும். நம் ரத்தத்தின் காரத்தன்மை உள்ள வெறும் கரைசலில், உடம்புச் சூட்டில் வைத்தால் அரை மணி நேரத்தில் 90% அழிந்துவிடும் என்று 1997லேயே காட்டிவிட்டார்கள். உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. இப்படிப்பட்ட பொருள் கண்ணாடிக் குடுவையில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்றால், கொன்றது குர்குமினா, அது சிதைந்து வந்ததா, அளவியே தடுமாறியதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2017இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மருந்து வேதியியல் இதழில் இதையெல்லாம் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இரு தரப்புக்கும் தெரியாமல் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட எந்தச் சோதனையிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. என் முனைவர் பட்டமே குர்குமின்தான்.

நான் அந்தக் கட்டுரையோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகும் சில நல்ல சோதனைகள் வந்திருக்கின்றன. ஆனால் அது கேட்ட கேள்விகள் சரியானவை. இன்னொன்றையும் யோசிக்கிறேன். சாப்பிடும் மஞ்சள் ரத்தத்துக்குப் போகாவிட்டால் வீண் என்று ஏன் நினைக்க வேண்டும்? குடலிலேயே தங்குகிறது, பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை டெட்ராஹைட்ரோகுர்குமினாக மாற்றுகின்றன. வேலை அங்கே நடக்கலாம். தாய்லாந்தில் அஜீரணத்துக்குக் குர்குமினையும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தான ஒமிப்ரசோலையும் ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். 206 பேரோடு ஆரம்பித்தார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். குடலுக்குள் வேலை செய்ய ரத்தத்துக்குப் போக வேண்டியதில்லையே. அப்படியிருக்க, காவலாளியை உட்கார வைத்துக் குர்குமினை ரத்தத்துக்குள் தள்ளுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பு ஒன்றை வெளியே அனுப்புகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

காலிங்கராயன்_கரை | செவ்வாய், காலை 6:10

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயி. மூன்று தலைமுறை. மஞ்சள் கெடுதல் என்று தலைப்பைப் பார்த்ததும் கோபத்தோடுதான் உள்ளே வந்தேன். முழுக்கப் படித்ததும் கோபம் போய்விட்டது.

எங்கள் பக்கத்து நிலவரம் ஒன்று சொல்கிறேன். அப்பா காலத்தில் வியாபாரி வந்தால் மூட்டையில் கையை விட்டு ஒரு விரலியை எடுத்து, பட்டென்று உடைப்பார். நன்றாகக் காய்ந்த விரலி உலோகம் மாதிரி கிணுங்கும். உடைந்த முகத்தைப் பார்ப்பார், ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. இப்போது சாறு எடுக்கும் ஆலைக்காரர்கள் குர்குமின் எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது எங்களுக்குப் பெருமை. ஆனால் மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7% அளவுக்குக் குர்குமின் இருக்கிறது, நமக்கு அதில் பாதி. அதனால் "உங்க மஞ்சள் மட்டம்" என்று விலையில் கை வைக்கிறார்கள். மஞ்சள் என்றால் குர்குமின் மட்டும்தானா? வேகவைக்கும்போது எழும் வாசம் குர்குமினால் வருவது இல்லை. அது எண்ணெய். கொப்பரையில் நுரை பொங்கி, வெள்ளைப் புகை எழுந்து, அந்த வாசம் மாறும் நேரத்தில் இறக்க வேண்டும். ஒரு குச்சியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்கும், அதுதான் பதம். களத்தில் பத்துப் பதினைந்து நாள் காய்ந்து நூறு கிலோ பச்சை மஞ்சள் இருபது கிலோவாகும். அந்த இருபது கிலோவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பொருளைப் பிரித்து எடுத்து, அதுதான் மஞ்சள் என்று பெயர் வைக்கிறார்கள். கெட்டால் மட்டும் பழி மஞ்சளுக்கு.

கலப்படம் பற்றி யாரும் எழுதவில்லை. காரீயக் குரோமேட் என்று ஒரு மஞ்சள் சாயம் உண்டு. விரலி பளபளப்பாகத் தெரிய மெருகேற்றும்போது சேர்ப்பார்கள். வங்கதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளைத் தேற்றத்தான் இது ஆரம்பித்தது. 2019இல் அங்கே சந்தை மாதிரிகளில் 47% காரீயம் கலந்தவை. ஆராய்ச்சியாளர்கள் ஆதாரத்தோடு போய்ச் சொல்ல, அரசு இறங்கி அபராதம் போட்டு, செய்தி பரப்பி, 2021இல் அது பூஜ்யம். இரண்டே வருடம். பிறகு பாட்னா, கராச்சி, பெஷாவர் சந்தைகளில் மோசமான அளவில் கிடைத்தது. காரீயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும், திரும்பச் சரிசெய்ய முடியாது.

வீட்டில் பார்க்க ஒரு வழி: முழு விரலியைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மஞ்சள் நிறம் விடாது. உடனே பளிச்சென்று மஞ்சள் இறங்கினால் சாயம். என் வீட்டுக்கு நான் மெருகு போடாத விரலியைத்தான் வைத்துக்கொள்வேன். பார்க்க அழுக்காக இருக்கும், பரவாயில்லை.

கொல்லிமலைக்காரி | செவ்வாய், காலை 10:40

உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். காலிங்கராயன்_கரை சொன்ன "ஒரே ஒரு பொருளைப் பிரித்து எடுத்து" என்பதில் என் துறையின் பெரிய காயம் ஒன்று இருக்கிறது.

காரட், பப்பாளி, கீரை நிறைய சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கணக்கெடுப்புகள் காட்டின. காரணம் பீட்டா கரோட்டின் என்று நினைத்து அதை மட்டும் மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். பின்லாந்தில் 29,133 ஆண்கள், எல்லோரும் புகைப்பவர்கள். 1994இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம். அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் வைத்து நடந்த இன்னொரு சோதனையில் 28% அதிகம். 1996இல் 21 மாதம் முன்கூட்டியே நிறுத்தினார்கள். நல்லது நடக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை. பச்சைத் தேயிலையும் அப்படித்தான். டீயாகக் குடித்தால் பொதுவாக ஒன்றுமில்லை, சாறாக்கி அதன் கேட்டசின் ஒரு நாளைக்கு 800 மி.கியைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. எச்எல்ஏ-பி 35:01 அங்கேயும் வருகிறது.

தறிச்சத்தம், அம்மாவின் வலி குறைந்தது பொய்யாக இருக்காது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேருக்கு 12 வாரம் மஞ்சள் சாறு கொடுத்து 2020இல் வெளியிட்டார்கள். போலி மாத்திரையை விட முழங்கால் வலி குறைந்தது. ஆனால் மூட்டுக்குள் கோத்த நீர் குறையவில்லை. தாய்லாந்தில் 367 பேரிடம் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபனுக்கு ஈடாகவே இருந்தது. அதனால் அம்மாவிடம் "அது ஏமாற்று" என்று சொல்லிவிடாதீர்கள். வலி தெரிந்தவர் அவர்தான். "உனக்கு அது ஆகவில்லை" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

சிறுநீரகக் கல் வந்தவர்களும் மஞ்சள் சாறு பக்கம் போக வேண்டாம், ஆக்சலேட் கூடும். பித்தநாள அடைப்பு உள்ளவர்களும்.

தறிச்சத்தம் | செவ்வாய், இரவு 9:15

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் உட்கார்ந்தேன்.

கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 412. நாற்பதைச் சுற்றி இருக்க வேண்டியதாம். காமாலையைக் காட்டும் பிலிருபின் 3.1. டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதை ஏம்மா போன தடவை சொல்லலை?" அம்மா, "அது மருந்தில்லைங்களே" என்றார். இரண்டாம்_வேளை எழுதியதைப் படித்திருந்ததால் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

வைரஸ் பரிசோதனைகள் கொடுத்திருக்கிறார்கள், ஸ்கேனும். ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறது, அதனால் அட்மிட் வேண்டாம், வாரம் ஒருமுறை ரத்தம் எடுங்கள் என்றார். குளோபிடோக்ரெலைத் தொடரச் சொன்னார். தூக்கம் அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம்_வேளை | செவ்வாய், இரவு 9:50

நல்ல நேரத்தில் பிடித்தீர்கள். வைரஸ் முடிவு வரும்வரை கேப்சூல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் காலக்கணக்கு பொருந்துகிறது. பெரும்பாலும் ஆரம்பித்து ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள்தான் வெளியே தெரியும்.

ஒரு வேலை மிச்சம். மருந்துகளாலும் இப்படிப்பட்ட சாறுகளாலும் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய நம் நாட்டில் அரசு அமைப்பு இருக்கிறது, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம். இலவச எண் 1800-180-3024. நோயாளி வீட்டாரே கூப்பிட்டுச் சொல்லலாம். டப்பாவின் பேட்ச் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் பதிவு செய்யாததால்தான் இங்கே எத்தனை பேருக்கு இது வருகிறது என்று சொல்ல கையில் கணக்கே இல்லை.

தறிச்சத்தம் | ஏழு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8:30

இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

வைரஸ் எதுவும் இல்லை. ஸ்கேனில் பித்தப்பையில் கல் இல்லை, கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு மட்டும். நிறுத்திய முதல் வாரம் எஸ்ஜிபிடி 460க்கு ஏறி எங்களைப் பயமுறுத்தியது. பிறகு 290, 150, 88. நேற்று 39. பிலிருபினும் இறங்கிவிட்டது. கேப்சூலாகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்தேன், பேட்ச் எண் கேட்டார்கள், சொன்னேன்.

முழங்கால் வலி திரும்பிவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. கொல்லிமலைக்காரி சொன்ன மாதிரியே அம்மாவிடம் பேசினேன், சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்டார். பிசியோதெரபி ஆரம்பித்திருக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பத்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடிக்கிறார். தறி ஓடும்போது எண்ணுவது காதில் விழாததால் விரலைக் காட்டி எண்ணுகிறார். மாடிக்கு இன்னும் போக முடியவில்லை.

உறவுக்கார அக்காவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அவரும் அதையே சாப்பிடுகிறார், அவருடைய வீட்டுக்காரரும். அவருக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. திங்கட்கிழமை இருவரையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.

காலிங்கராயன்_கரை, உங்களிடம் ஒரு கேள்வி. மெருகு போடாத விரலி ஐந்து கிலோ வேண்டும். அம்மா தானே இடித்துக்கொள்வதாகச் சொல்கிறார். அனுப்ப முடியுமா?

காலிங்கராயன்_கரை | சனி, காலை 5:50

தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். போன மாசியில் வெட்டியது இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், இடிப்பதற்கு முன் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு, சூடு ஆறியதும் இடிக்கட்டும். இல்லையென்றால் உரலில் ஒட்டும்.